ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறினால் தமிழ்க் குரல் வழிகாட்டல் என்ன ஆகும்?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். மருத்துவமனை ஆய்வகக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பதால், மதுரையிலிருந்து தேனி, இராமநாதபுரம், தென்காசி என்று மாதம் முழுவதும் காரிலேயே அலைகிறேன். பெரும்பாலும் தனியாகத்தான் ஓட்டுகிறேன். கைபேசியின் மொழியை ஆங்கிலமாகவே வைத்துக்கொண்டு, கூகுள் மேப்ஸின் குரலை மட்டும் தமிழுக்கு மாற்றி, திரையைப் பார்க்காமல் அது சொல்வதைக் கேட்டே ஓட்டிப் பழகியிருக்கிறேன். ஆங்கிலக் குரல் நம் ஊர்ப்பெயர்களை உச்சரிக்கும்போது, அது எந்த ஊரைச் சொல்கிறது என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது. நான்குவழிச் சாலையில் அந்த ஒரு கணத்துக்குள் சர்வீஸ் ரோட்டில் இறங்கும் இடம் பின்னால் போய்விடும்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஐபோன் தரப்போகிறார்கள். பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐபோனில் நான் இதுவரை வண்டி ஓட்டியதில்லை. தமிழ்க் குரல் அதிலும் கிடைக்குமா, குறித்துவைத்த மருத்துவமனைகள் எல்லாம் கூடவே வருமா, சிக்னல் இல்லாத மலைப்பாதையில் பேசுமா என்பதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். என் கார் பழையது. தொடுதிரை கிடையாது, ப்ளூடூத் உள்ள ஸ்டீரியோ மட்டும்தான். குரலை நம்பி ஓட்டுபவர்களில் இப்படி மாறியவர்கள் யாரேனும் இருந்தால் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

கத்திப்பாரா:

சென்னையில் சிறிய அளவில் டிராவல்ஸ் நடத்துகிறேன். எங்கள் ஓட்டுநர்களில் சிலர் ஐபோனும் சிலர் ஆண்ட்ராய்டும் வைத்திருப்பதால் இரண்டையும் தினமும் பார்க்கிறேன்.

முதலில் உங்கள் கவலையில் பாதியைக் குறைத்துவிடுகிறேன். வரைபடம் மாறப்போவதில்லை. கூகுள் மேப்ஸ் ஐபோனிலும் இருக்கிறது. சாலை, நெரிசல், வழி எல்லாம் இரண்டு கைபேசிகளுக்கும் கூகுளின் ஒரே தரவிலிருந்துதான் வருகின்றன. நீங்கள் குறித்துவைத்த இடங்கள், வீடு, அலுவலகம், பட்டியல்கள் அனைத்தும் கைபேசியில் இல்லாமல் உங்கள் கூகுள் கணக்கில் இருப்பதால், புதிய கைபேசியில் அதே கணக்கில் நுழைந்தவுடன் வந்துவிடும். மாறப்போவது, அந்த வழி உங்கள் காதுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதுதான். குரலை நம்பி ஓட்டுகிறவருக்கு அது சிறிய விஷயமில்லை என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கூகுள் மேப்ஸில் தமிழ்க் குரல் 2018 மார்ச்சில் வந்தது; வங்காளம், குஜராத்தி, கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றோடு சேர்த்து அறிவித்தார்கள். ஆண்ட்ராய்டில் செயலியின் வழிகாட்டல் அமைப்புகளுக்குள் குரலைத் தேர்ந்தெடுக்கத் தனிப் பட்டியலே இருக்கிறது. கைபேசியின் மொழி எதுவாக இருந்தாலும் அங்கே தமிழைத் தொட்டால் போதும். நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பது அதுதான். ஐபோனில் அந்தப் பட்டியலைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே மேப்ஸின் குரல், மொழி அமைப்பைப் பின்பற்றியே வருகிறது. மொழி ஆங்கிலம் என்றால் குரலும் ஆங்கிலம்தான்.

இதற்காகக் கைபேசி முழுவதையும் தமிழாக்க வேண்டியதில்லை. 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 (ஐபோனின் இயங்குதளம்) முதல், ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக மொழி வைத்துக்கொள்ளலாம். முதலில் அமைப்புகளில் பொதுப் பிரிவுக்குள் மொழியும் வட்டாரமும் என்ற பக்கத்துக்குச் சென்று, விருப்ப மொழிகளின் பட்டியலில் தமிழையும் சேர்க்க வேண்டும். முதன்மை மொழியை மாற்றட்டுமா என்று அது கேட்கும்போது, ஆங்கிலமே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். பட்டியலில் ஒரே மொழி இருந்தால் அடுத்த படி கண்ணிலேயே படாது. பலரும் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். பிறகு அமைப்புகளில் செயலிகளின் வரிசையில் கூகுள் மேப்ஸைத் திறந்து, அங்கே மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். இதனால் மேப்ஸின் பட்டன்களும் எழுத்துகளும்கூடத் தமிழுக்கு மாறும். எங்கள் ஓட்டுநர்களுக்கு அதுவே வசதியாகிவிட்டது. எழுத்து ஆங்கிலத்திலும் குரல் தமிழிலும் வேண்டும் என்பவர்களுக்கு ஆண்ட்ராய்டுதான் இன்றுவரை எளிது.

வெண்ணாறு:

நான் எதிர்த்திசையில் மாறியவள். பல ஆண்டுகள் ஐபோன் வைத்திருந்து இப்போது ஆண்ட்ராய்டுக்கு வந்திருக்கிறேன். கத்திப்பாரா அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தரவு ஒன்றாக இருந்தாலும், புதிய வசதிகள் இரண்டு தளங்களுக்கும் ஒரே நாளில் வருவதில்லை. இருசக்கர வாகனங்களுக்கான வழிகாட்டல் 2017 டிசம்பரில் இந்தியாவில் அறிமுகமானபோது ஆண்ட்ராய்டில்தான் வந்தது. 2024 ஜூலையில், வரவிருக்கும் மேம்பாலத்தில் ஏற வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லும் வசதியை 40 நகரங்களுக்கு அறிவித்தார்கள். அதுவும் முதலில் ஆண்ட்ராய்டுக்குத்தான், ஐபோனுக்கும், ஐபோன் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் கார்ப்ளேவுக்கும் பிறகு என்றார்கள். குறுகிய சாலைகளைத் தவிர்த்து வழி காட்டும் வசதியை அப்போதே சென்னை, கோயம்புத்தூர் உட்பட எட்டு நகரங்களுக்கு அறிவித்தபோதும் இதே வரிசைதான். வேகமானி ஆண்ட்ராய்டுக்கு 2019-இல் கிடைத்தது. ஐபோனுக்கு 2024-இல்தான் வந்து சேர்ந்தது.

திரையைப் பார்த்து ஓட்டுகிறவருக்கு இந்தத் தாமதம் பெரிதாகத் தெரியாமல் போகலாம். மேம்பாலத்தின் அடியில் நின்று, மேலே போவதா கீழே போவதா என்று குரலை மட்டும் எதிர்பார்க்கிறவருக்கு அப்படியில்லை. இனி வரும் வசதிகளுக்கும் சில மாதங்கள் காத்திருக்க நேரிடலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மாறுங்கள்.

ஆனால் ஆண்ட்ராய்டிலும் எனக்கு ஒரு தொல்லை இருந்தது. நான் வாங்கிய கைபேசியின் பேட்டரிச் சேமிப்பு அமைப்பு, திரை அணைந்த சிறிது நேரத்தில் மேப்ஸை உறங்க வைத்துவிடும். தஞ்சாவூர் புறவழிச்சாலையில் குரல் நின்றுவிட, நேர்வழி என்பதால்தான் பேசாமல் இருக்கிறது என்றே எண்ணிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். செயலியின் பேட்டரிப் பயன்பாட்டைக் கட்டுப்பாடற்றது என்று மாற்றிய பிறகு சரியானது. ஐபோனில் இந்தத் தொல்லையை நான் பார்த்ததில்லை.

செந்நெல்:

ஐபோனுக்கு மாறினால் ஆப்பிளின் வரைபடத்தையே பயன்படுத்தக் கூடாதா? கைபேசியோடே வருகிறதே.

கத்திப்பாரா:

பயன்படுத்தலாம். 2012-இல் வெளியானபோது அதில் இருந்த பிழைகளுக்காக ஆப்பிளின் தலைவர் டிம் குக் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்தப் பழைய பெயர் இன்னும் அதை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு வெகுவாகத் தேறியிருக்கிறது. இந்தியாவில் திருப்பத்துக்குத் திருப்பம் சொல்லும் வழிகாட்டல் அதில் 2019 பிப்ரவரியில்தான் வந்தது. ஆனால் அதன் குரல், ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரியின் மொழியையும் குரலையும் சார்ந்தது என்பதால், கூகுள் மேப்ஸில் கேட்டுப் பழகிய அதே தமிழ் வழிகாட்டலை அங்கே எதிர்பார்க்காதீர்கள். உள்ளூர்க் கடை, சிறிய மருத்துவமனை, தெருப்பெயர் ஆகியவற்றைத் தேடும்போதும் நம் பக்கத்து ஊர்களில் கூகுள்தான் எங்களுக்குக் கைகொடுக்கிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐபோனில் நாள்காட்டியிலோ குறுஞ்செய்தியிலோ தொடர்புப் பட்டியலிலோ உள்ள முகவரியைத் தொட்டால், ஆப்பிளின் வரைபடம்தான் திறக்கும். ஐஓஎஸ் 18.4 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ளவர்கள் வேறு செயலியை இயல்பான வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். நம் கைபேசிகளில் அந்தத் தேர்வு இல்லை. அவசரத்தில் முகவரியைத் தொட்டுவிட்டு வண்டியை எடுத்தால், பழகாத குரல் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கும். கூகுள் மேப்ஸின் பகிர்வு இணைப்பாக அனுப்பச் சொன்னால் அது கூகுள் மேப்ஸிலேயே திறக்கும். எங்கள் வாடிக்கையாளர்களிடம் அப்படித்தான் கேட்டு வாங்குகிறோம்.

ஆழியாறு:

வைகைக்கரை அவர்கள் மலைப்பாதையைப் பற்றிக் கேட்டிருந்ததால் எழுதுகிறேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். நடுவே பல இடங்களில் சிக்னல் இருக்காது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாரந்தோறும் மேலே சரக்கு கொண்டுபோகிறேன்.

இருப்பிடத்தைக் கண்டறியக் கைபேசிக்கு இணையம் தேவையில்லை. செயற்கைக்கோள் சமிக்ஞை போதும். இணையம் இல்லாதபோது இல்லாமல் போவது வரைபடமும், புதிதாக வழியைக் கணக்கிடும் வாய்ப்பும்தான். அதற்காகத்தான் பகுதிகளைப் பதிவிறக்கி வைத்துக்கொள்கிறோம். இது இரண்டு தளங்களிலும் உண்டு. ஆனால் பதிவிறக்கிய வரைபடங்கள் கணக்கோடு புதிய கைபேசிக்கு வருவதில்லை. கைபேசிகளுக்கிடையே தரவை மாற்றித் தரும் செயலியும் அவற்றைக் கொண்டுவராது. புதிய கைபேசியில் வைஃபை வழியாக மீண்டும் இறக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அவை காலாவதியாகிவிடும் என்பதால் அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும்.

பதிவிறக்கிய வரைபடத்தில் ஓட்டும்போது நெரிசல் தகவல், மாற்று வழிகள், எந்தத் தடத்தில் செல்ல வேண்டும் என்ற குறிப்பு ஆகியவை கிடைக்காது. திருப்பங்களை மட்டும் சொல்லும். மலைப்பாதைக்கு அதுவே போதுமானது. அங்கே பெரும்பாலும் ஒரே சாலைதான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது குரலைப் பற்றி. இணையம் இருக்கும்போது தமிழில் பேசுகிற கைபேசி, இணையம் போனபிறகும் தமிழில் பேசும் என்று எடுத்துக்கொள்ளாமல் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். உங்கள் பகுதியை இறக்கிவைத்த பிறகு மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, நன்கு தெரிந்த ஓர் இடத்துக்கு வழியைத் தொடங்கி இரண்டு தெருக்கள் ஓட்டினால் தெரிந்துவிடும். குரல் வருகிறதா, தமிழில் வருகிறதா, வேண்டுமென்றே தவறான தெருவில் நுழைந்தால் வழியை மாற்றிச் சொல்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். கைபேசி மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்துவிட்டுத்தான் மலையேறுகிறேன்.

வழி தெரியாத மலைக்கு முதன்முறை போவதாக இருந்தால், எந்தக் குரலாக இருந்தாலும் அடிவாரத்தில் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. உதகையிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி தூரம் குறைவு. ஆனால் 36 வளைவுகளும் கடும் சரிவும் கொண்ட அந்தச் சாலையில் வெளியூர் வாகனங்கள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. தூரம் குறைவு என்பதை மட்டும் பார்த்து வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிடக் கூடாது.

வைகைக்கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டேட்டாவை அணைத்துச் சோதிக்கும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. கொடைக்கானல் மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அது உதவும். ஸ்டீரியோவைப் பற்றி யாரேனும் சொல்ல முடியுமா? இப்போது பண்பலை கேட்டுக்கொண்டே ஓட்டினாலும் குரல் கைபேசியின் ஒலிபெருக்கியிலிருந்து வருமாறு வைத்திருக்கிறேன்.

மின்பொறி:

கார் ஸ்டீரியோ பொருத்தும் கடை வைத்திருக்கிறேன். இதே கேள்வியோடு வருகிறவர்கள் ஏராளம்.

திரையில்லாத ஸ்டீரியோவில் ப்ளூடூத் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று அழைப்பு, மற்றொன்று பாட்டு. மேப்ஸின் குரல் பாட்டு செல்லும் வழியில்தான் செல்கிறது. எனவே ஸ்டீரியோ பண்பலையில் இருந்தால், கைபேசி தன் பங்குக்குப் பேசிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு எதுவும் கேட்காது. ஆண்ட்ராய்டு மேப்ஸில் ப்ளூடூத் வழியே பேசச் சொல்லும் அமைப்பு இருக்கிறது. நீங்கள் அதை அணைத்து வைத்திருப்பீர்கள். ஐபோனில், கட்டுப்பாட்டு மையத்தைத் திறந்து ஒலி எங்கே போக வேண்டும் என்ற இடத்தில் ஐபோனையே தேர்ந்தெடுத்தால் கைபேசியிலிருந்து ஒலி வரும். அல்லது ஸ்டீரியோவை ப்ளூடூத்திலேயே வைத்துக்கொண்டு, பாட்டையும் கைபேசியிலிருந்தே கேளுங்கள். குரல் வரும்போது பாட்டு தானாகத் தணியும். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

பழைய ஸ்டீரியோக்களில் இன்னொரு குணம் உண்டு. சிறிது நேரம் ஒலியே இல்லாமல் இருந்தால் அந்தத் தொடர்பு அரைத் தூக்கத்துக்குப் போய்விடும். குரல் வந்ததும் விழித்துக்கொள்ள அரை நொடி ஆகும். அதற்குள் முதல் சொல் விழுங்கப்பட்டுவிடும். தமிழ் வழிகாட்டலில் தூரம் முதலிலும் திரும்ப வேண்டிய பக்கம் பின்னாலும் வருவதால், விழுங்கப்படுவது பெரும்பாலும் தூரம்தான். இடதா வலதா என்பது தப்பித்துவிடும். மெல்லிய ஒலியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லையே இருக்காது.

ஐபோனைக் காருடன் இணைத்த பிறகு, ப்ளூடூத் அமைப்பில் அந்தக் கருவியின் வகையைக் கார் ஸ்டீரியோ என்று குறித்துவிடுங்கள். வண்டி ஓட்டும்போது அறிவிப்புகளை அடக்கும் கவன முறை அதில் இருக்கிறது. காருடன் இணைந்ததும் தானாகத் தொடங்குமாறும் வைக்கலாம். அது செய்திகளைத்தான் அடக்கும். வழிகாட்டும் குரலைத் தொடாது. மருத்துவமனைகளிலிருந்து அவசரச் செய்தி வரும் வேலை என்பதால், யாருடைய அழைப்பும் செய்தியும் உள்ளே வர வேண்டும் என்று முன்பே பட்டியலிட்டு வையுங்கள்.

கார் மாற்றும் எண்ணம் இருந்தால் கார்ப்ளே உள்ளதைப் பாருங்கள். ஐஓஎஸ் 12 வந்த 2018 முதல் அதில் கூகுள் மேப்ஸும் இயங்குகிறது.

வெண்ணாறு:

முதல் நாளே பார்க்க வேண்டிய ஓர் அமைப்பு விடுபட்டிருக்கிறது. 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், ஒவ்வொரு செயலிக்கும் துல்லியமான இருப்பிடத்தைத் தருவதா, தோராயமானதைத் தருவதா என்று நாமே முடிவு செய்யலாம். மேப்ஸுக்குத் துல்லியம் அணைந்திருந்தால், கைபேசிக்கு நீங்கள் எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்பதே தெரியாது. குரல் வழிகாட்டல் நடக்கவே நடக்காது. அலுவலகத்தில் ஒருவரே பல கைபேசிகளை அமைத்துக் கொடுக்கும்போது, தோன்றும் அனுமதிக் கேள்விகளுக்கெல்லாம் வேண்டாம் என்று தட்டிக்கொண்டே போவதுண்டு. வாங்கியதும் இதைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

செந்நெல்:

பழைய ஆண்ட்ராய்டு ஒன்றை வாங்கி, வழிகாட்டலுக்கென்றே காரில் நிரந்தரமாக வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லையே? ஐபோனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துக்கொள்ளலாம்.

மின்பொறி:

முடியும், சிலர் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் காரிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஐபோனுக்கே 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில்தான் பயன்படுத்த வேண்டும் என்றும், அணைத்து வைத்தாலும் 45 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்றும் ஆப்பிள் சொல்கிறது. மே மாதம் மதுரையில் வெயிலில் நிற்கும் கார் அதைத் தாண்டிவிடும். பேட்டரி உப்பிய கைபேசிகள் என் கடைக்கு வருவது பெரும்பாலும் கோடையில்தான். ஓட்டும்போதும் கண்ணாடியில் ஒட்டும் தாங்கியைவிட, ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டும் தாங்கி நல்லது. கைபேசி குளிர்ச்சியாக இருக்கும்.

பைக்கில் செல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதிக திறன் கொண்ட பைக் இஞ்சின்களின் அதிர்வு ஐபோனின் கேமராவைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்திருக்கிறது. குரலை நம்பி ஓட்டுகிறவர் கைபேசியைச் சட்டைப்பையில் வைத்து, ஹெல்மெட்டில் பொருத்தும் ப்ளூடூத்தில் கேட்கலாம்.

கத்திப்பாரா:

தாங்கியைப் பற்றிப் பேச்சு வந்ததால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலாகக் கருதுகிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழி காண்பதற்கு மட்டும் கைபேசியைப் பயன்படுத்தலாம் என்கிறது. எனவே இடத்தைத் தேடுவது, தொடங்குவது எல்லாவற்றையும் வண்டி நிற்கும்போதே முடித்துவிடுங்கள்.

இதிலும் தளங்களுக்கிடையே வேறுபாடு உண்டு. ஆண்ட்ராய்டில் கூகுளின் உதவியாளரைக் குரலாலேயே எழுப்பி இடத்தைச் சொல்லலாம். ஐபோனில் கையால் தொடாமல் எழுப்பக்கூடியது சிரிதான். கூகுளிடம் பேச வேண்டுமானால் முதலில் அதன் செயலியைத் திறக்க வேண்டும். அடிக்கடி செல்லும் மருத்துவமனைகள் என்றால், குறுக்குவழிகள் செயலியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்குவழி அமைத்து, தொட்டவுடன் கூகுள் மேப்ஸில் வழி தொடங்குமாறு செய்துவிடலாம். அமைக்க ஒரு மாலைப்பொழுது ஆகும். அதன் பிறகு வண்டியில் தேடும் வேலையே இருக்காது.

வைகைக்கரை:

நேற்று ஒரு நண்பரின் ஐபோனை வாங்கி, கத்திப்பாரா அண்ணன் சொன்னபடி மொழியை அமைத்து, மாட்டுத்தாவணியிலிருந்து திருமங்கலம் வரை ஓட்டிப் பார்த்தேன். தமிழில்தான் பேசியது. ஸ்டீரியோவில் முதல் சொல் விழுங்கப்படுவதையும் நேரில் கேட்டேன். மெல்லிய பாட்டு ஓடவிட்டதும் அது நின்றுவிட்டது. ஒத்தக்கடைப் பக்கம் டேட்டாவை அணைத்துச் செய்து பார்த்ததும் திருப்தியாகவே இருந்தது. இனி மாறத் தயக்கமில்லை.

ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. அலுவலகக் கைபேசியில் அலுவலகக் கணக்கைத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறார்கள். குறித்துவைத்த மருத்துவமனைகள் எல்லாம் என் சொந்தக் கூகுள் கணக்கில் இருக்கின்றனவே?

வெண்ணாறு:

கைபேசியை நிர்வகிக்கும் கணக்கும், மேப்ஸ் செயலிக்குள் நுழையும் கணக்கும் வேறு வேறு. மேப்ஸில் மட்டும் உங்கள் சொந்தக் கணக்கில் நுழைய அனுமதி உண்டா என்று தகவல் தொழில்நுட்பப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அனுமதி இல்லையென்றால், மருத்துவமனைகள் எல்லாவற்றையும் மேப்ஸில் ஒரே பட்டியலாகச் சேர்த்து, அதன் பகிர்வு இணைப்பை அலுவலகக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்; அங்கிருந்து அந்தப் பட்டியலைப் பின்தொடரலாம். பழைய கைபேசியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் சென்ற இடங்களின் காலவரிசையையும் கவனியுங்கள். 2024 முதல் கூகுள் அதைக் கணக்கில் வைக்காமல் கைபேசியிலேயே சேமிக்கும் முறைக்கு மாற்றிவருகிறது. பயணப்படி கணக்கிட அது உங்களுக்குத் தேவைப்படும் என்றால், கைபேசியின் இருப்பிட அமைப்புகளுக்குள் காலவரிசையைத் திறந்து, கோப்பாக ஏற்றுமதி செய்து எடுத்துக்கொண்ட பிறகே கைபேசியை அழித்துக் கொடுங்கள்.